எண் இல்லாத ஐம்பது வெள்ளி

“பாத்துப் புடி குமுதா, அது எங்க மச்சானோட ரெண்டாவது சம்சாரம்லா” என்று தேவன் சிரித்தார்.

குமுதா சிரிக்கவில்லை. அந்த ஐம்பது வெள்ளி நோட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஈப்போவில் பழைய நாணயங்களும் நோட்டுகளும் விற்கும் சின்னக் கடை அவளுடையது. அசல்தான் என்ற சான்றிதழுக்கு அனுப்புமுன் தன் நோட்டை அவளிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று, தேவன் மச்சான் என்று அழைக்கும் சிநேகிதர் ஆம்புரோஸ்தான் அவரையும் அழைத்து வந்திருந்தார்.

எல்லா நோட்டிலும் வரிசை எண் இரண்டு இடத்தில் இருக்கும். இதில் ஓரிடத்திலும் இல்லை. அச்சு இயந்திரம் எண் போட மறந்து வெளியே விட்ட நோட்டு. பிழை நோட்டு சேர்ப்பவர்களுக்கு அப்படி ஒன்று ஆயுளில் ஒருமுறை கிடைத்தால் பெரிது.

ஆம்புரோஸ் முப்பது வருடம் பெட்ரோல் நிலையக் கல்லாவில் இருந்தவர். இடப்பக்கம் ஓர் எண், வலப்பக்கம் வேறோர் எண் விழுந்த நோட்டு. எண் பாதி வழுக்கிக் கீழே இறங்கிய நோட்டு. இப்படி எது கண்ணில் பட்டாலும் தன் சட்டைப்பையிலிருந்து அதே தொகையைக் கல்லாவில் போட்டுவிட்டு எடுத்து வைத்துக்கொள்வார். மொத்தம் இருபத்தாறு. அந்த ஆல்பம் முழுவதையும் போன மாதம் தேவனிடம் கொடுத்துத்தான் இந்த ஒன்றை வாங்கியிருந்தார்.

“சும்மாவே வெச்சுக்க மச்சான்” என்றுதான் தேவன் சொன்னார். ஆம்புரோஸ் கேட்கவில்லை.

குமுதா நோட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

“அண்ணே, இது அச்சுல வந்த பிழை இல்ல. யாரோ நம்பர அழிச்சிருக்காங்க.”

பூதக்கண்ணாடியை நீட்டினாள். எண் இருக்கவேண்டிய இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. ஒரு மாதமாக ஆசை மறைத்து வைத்திருந்ததை இப்போதுதான் கண் பார்த்தது.

அப்படி அழித்து நல்ல விலைக்கு விற்பவர்கள் உண்டு என்பது ஆம்புரோசுக்குத் தெரியும்.

“எங்க வாங்குன இத?” அவர் தேவனைப் பார்க்காமலே கேட்டார்.

“ஞாயித்துக்கெழம சந்தையிலலா. பன்னெண்டு வருசம் இருக்கும். கட போட்டிருந்த ஒரு சீனத் தவுக்கே வெச்சிருந்தாரு. ஒரு மாசச் சம்பளம் குடுத்தேன்.”

“பேரு?”

“தெரியல மச்சான்.”

“தெரியாது. எப்படித் தெரியும்? அப்படி ஒரு ஆளு இருந்தாத்தானே தெரியும்.”

“மாரியாத்தா மேல சத்தியமா...”

“சாமிய இழுக்காத. ஒரே லயத்துல பொறந்து, ஒரே மங்குல சோறு தின்னோம்டா. ஏமாத்த ஒனக்கு வேற ஆளே கெடைக்கலயா?”

அவர்கள் பிறந்த சுங்காய் ரப்பர்த் தோட்டம் செம்பனையாகி, தொழிலாளர் குடியிருந்த அந்த லயமும் இடிந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அங்கிருந்து ஆம்புரோசுக்கு மிச்சமானது தேவன் ஒருவர்தான். ஆம்புரோசின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தேவன் லாரி ஓட்டப் போகாமல் பதினெட்டு நாள் வெளி வராந்தாவில் படுத்திருந்தார். அதுவும் இந்த நாளுக்காகப் போட்ட தூண்டிலோ என்று இப்போது தோன்றியது. மனம் ஒருமுறை கசந்துவிட்டால், ஒருவர் கொடுத்த தண்ணீரிலும் விஷம் இருந்ததாகத்தான் ஞாபகம் வரும்.

தேவன் கதவுப் பக்கம் திரும்பினார்.

“ஆல்பம் அப்படியே இருக்கு மச்சான். ஒண்ணக்கூடத் தொடல. இப்பவே போயி எடுத்தாறேன்.”

“குடுத்தனுப்பு. நீ வராத. இனிமே எங்க வூட்டுப் பக்கமே வராத.”

தேவன் கதவுவரை போய்விட்டார். செருப்பைத் தேடிய கால் இரண்டு தடவை தவறியது.

“கொஞ்சம் இருங்கண்ணே” என்றாள் குமுதா. “மை போனாலும் தடம் போவாது. என்னா நம்பருன்னு பாத்துருவோம்.”

அவள் மேசை விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கைப் போட்டாள்.

குளத்தடியிலிருந்து மேலே வருவதுபோல் எழுத்துகள் ஒவ்வொன்றாக மங்கலாக எழுந்தன. குமுதா குனிந்து வாசித்தாள்.

“ஏ... கே... ரெண்டு, ஏழு, பூஜ்யம்... ஆறு... ஒண்ணு...”

நிறுத்தினாள். நோட்டை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். எண் இருந்த மற்ற இடத்தையும் பார்த்தாள்.

“கடைசி ரெண்டும் வரல. நல்லா அழுத்தித் தேச்சிருக்கான். இனிமே அது அழிச்சவனுக்குத்தான் தெரியும்.”

ஆம்புரோஸ் கையிலிருந்த பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார்.

தேவன் செருப்பை மாட்டிவிட்டிருந்தார். கை கதவுப் பிடியில் இருந்தது. யாரும் எதுவும் பேசாமல் இருந்தால் அவர் போய்விடுவார். போனபின், இந்தக் கடையில் கேட்ட எதையும் யாரிடமும் சொல்லமாட்டார். அது ஆம்புரோசுக்கு நிச்சயமாகத் தெரியும்.

“நாலு, எட்டு” என்றார் ஆம்புரோஸ்.