தொலைத்தவள்

“வாயைத் திறந்து சொல்லு! பாஸ்போர்ட்டைத் தொலைச்சது நீதானே?”

எஜமானி போட்ட சத்தத்தில், தூதரகத்து பாஸ்போர்ட் ஆபீஸில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சமையல்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் எதையும் தொலைக்கவில்லை. அந்நிய நாட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்றே, “பத்திரமா இருக்கட்டும்” என்று ஐயா அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நாலு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. ஊரில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். ஒரு தடவை போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டால், “பார்க்கலாம், பார்க்கலாம்” என்பதோடு சரி.

இதெல்லாம் எஜமானிக்கும் தெரியும். தெரிந்தேதான் இப்படி அபாண்டமாகப் பழி போடுகிறாள். நாலு வருஷம் ஆக்கிப் போட்ட கைக்கு இதுதான் மரியாதை!

“அம்மா, அது ஐயாவோட...”

“குறுக்கே பேசாதே! இவ அஜாக்கிரதைக்கு அளவே இல்ல சார். போலீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சு, இதோ காகிதம்.”

நேற்று அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கியது இதற்குத்தானா?

கவுன்ட்டரில் இருந்தவர் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

“நல்லா கேட்டுக்கோங்கம்மா. தொலைஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டா பழைய நம்பர் ரத்தாயிடும். புது புத்தகம், புது நம்பர். உங்க விசா விவரம் அதுல சேர்ந்துடும். அப்புறம் பழசு கிடைச்சாலும் பிரயோஜனமில்ல. ஏர்போர்ட்ல அதை நீட்டினா, அதிகாரியோட கம்ப்யூட்டர் தொலைஞ்ச புத்தகம்னு காட்டிக் கொடுத்துடும்.”

“எல்லாம் புரியும் சார். பேனாவைக் குடுங்க” என்று எஜமானி முந்திக்கொண்டாள்.

வேறு வழி? சமையல்காரி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து, ஐயா ஆபீஸுக்குக் கிளம்பியதும், டிரைவரைக் கூப்பிடாமல் எஜமானி அவளைப் பஸ்ஸில் அழைத்துப் போனாள். புது பாஸ்போர்ட் கைக்கு வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

உள்ளே விமான டிக்கெட். இன்றைய தேதி போட்டிருந்தது.

“அம்மா... இது?”

“வீட்டுக்கு வராதே. நேரா ஏர்போர்ட்டுக்குப் போ. உன் துணிமணியெல்லாம் நான் அனுப்பி வைக்கறேன். உனக்குப் பொய் வராது, முன்னாடியே சொல்லியிருந்தா கவுன்ட்டர்ல உளறிக் கொட்டியிருப்பே. அதான் சத்தம் போட்டு உன் வாயை அடைச்சேன். மனசுல வெச்சுக்காதே.”

சமையல்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பத்து நாளில் இவளை மனசுக்குள் எத்தனை சபித்திருக்கிறாள்!

“ஐயா பீரோவைத் திறந்து பார்த்தா?”

“பார்க்கட்டுமே. செல்லாத புத்தகம் பத்திரமாத்தான் இருக்கும்.”

“உங்களைச் சும்மா விடமாட்டாரும்மா. நீங்களும் கொஞ்ச நாள் ஊர்ல உங்க அம்மா வீட்டுக்குப் போயிடுங்களேன்.”

எஜமானி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“என் பாஸ்போர்ட்டும் அதே பீரோவுலதான் இருக்கு. அதைத் தொலைக்கத்தான் எனக்கு இன்னும் தைரியம் வரல.”