கதையில் இல்லாத குழந்தை

"கூட ஒரு சின்னப் பொண்ணும் இருந்தா" என்று நடுவர் சொன்னதும் அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

வயதானவர்களின் ஞாபகசக்தியை ஆராயும் நிலையத்தில் அவளுக்கு இதுதான் வேலை. முதலில் ஒரு குட்டிக் கதை சொல்வாள். பிறகு கட்டைகளை அடுக்கச் சொல்வாள், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வாள். அவர்கள் அதில் மும்முரமாக இருக்கும்போது, அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லும்படி கேட்பாள்.

ஏதாவது விட்டுப்போனால் பெரிய குற்றமில்லை, வயது அப்படி. இல்லாததைச் சேர்த்தால்தான் வம்பு.

கதையோ பரம சாது. மழை நாளில் ஒரு பெண் பேருந்தை விட்டு இறங்குகிறாள். குடையை உள்ளேயே மறந்துவிடுகிறாள். கூப்பாடு போடுகிறாள். ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் குடையை எடுத்துக் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

இத்தனை வருடத்தில் அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தாளைப் பார்ப்பதே இல்லை. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள்.

இந்தக் கதைக்குள் குழந்தை எங்கிருந்து வந்தது?

நடுவர் என்றால் கால்பந்து நடுவர். ஊதிய விசிலை ஒருநாளும் திரும்பப் பெறாதவர். மனைவி போன பிறகும் தன் வீட்டில், தன் சமையலில், யார் தயவும் இல்லாமல் இருக்கிறார். இந்தத் தடவை முடிவு சரியில்லை என்றால் வீட்டைப் பூட்டிக் கையோடு கூட்டிப் போய்விடுவதாக மகன் சொல்லியிருந்தான். வெளியே உட்கார்ந்து சாவிக்கொத்தை அவன் உருட்டிக்கொண்டிருப்பது உள்ளே வரை கேட்டது.

அவளுக்கும் அவரைப் பிடிக்கும். அதனால், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றாள். விதிப்படி அப்படிச் சொல்லக்கூடாது.

"யோசிக்க என்ன இருக்கு? மஞ்சள் சட்டை. ஒரு செருப்பு வார் அவுந்திருந்துச்சு."

பேனா அப்படியே நின்றது.

போன மாதம் சோதனைக்கு வந்த நர்ஸம்மாவும் மஞ்சள் சட்டை என்றார். அதற்கு முன் வந்த தையல்காரர் செருப்பு வாரைச் சொன்னார். மூவரும் ஒருவரையொருவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. காத்திருக்கும் கூடத்தில் யாரோ கதை கட்டுகிறார்கள் என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

நர்ஸம்மாவின் அறிக்கையில், "இல்லாததை இருந்ததாகச் சொல்கிறார்" என்று எழுதியது அவள்தான். அதை வைத்து உறவுக்காரர்கள் அவரைக் காப்பகத்தில் விட்டுவிட்டதாகக் கேள்வி.

"கதையில குழந்தையே இல்லைங்க ஐயா."

"நீங்கதாம்மா சொன்னீங்க. அதுல பதிவாகுதுல்ல, போட்டுப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா நானே பெட்டியக் கட்டிக்கிட்டு அவன்கூடக் கிளம்பிடறேன்."

மேசையில் இருந்த ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டினார். மேலதிகாரி சரிபார்ப்பதற்காக என்று எல்லாவற்றையும் அதில் பதிவு செய்வார்கள். யாரும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. மறுபடி போட்டுப் பார்க்கும் வசதி மைதானத்துக்கு வராத காலத்து நடுவர் அவர். அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்துச் சிரித்தபடியேதான் அவள் பொத்தானை அழுத்தினாள்.

அவள் குரல்தான். ஆனால், சோதனை எடுக்கிற குரலாக இல்லை. தாழ்ந்து, அவசரமில்லாமல், யாரையோ தூங்கவைக்கிற மாதிரி இருந்தது.

"மஞ்சள் சட்டை போட்ட பொண்ணு. செருப்பு வார் அவுந்து கிடக்கு. அவ கையக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு அந்த அம்மா இறங்கறாங்க."

அதற்கப்புறம் குடை வந்தது. கூப்பாடு வந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார்.

நடுவர் ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்தார். அவளைப் பார்த்ததும் அந்த முகத்தை மாற்றிக்கொண்டார்.

"யாரும்மா அந்தப் பொண்ணு?"

அவள் சிவப்புப் பேனாவை மூடிவைத்தாள். முழு மதிப்பெண் போட்டாள். நர்ஸம்மாவின் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யோசித்தாள். யோசனை அங்கே நிற்கவில்லை.

அன்றைக்கும் மழை. வார் அவிழ்ந்த செருப்போடு குழந்தை தடுமாறினாள். முதலில் பைகளை இறக்கிவிடலாம் என்று அவள் மட்டும் இறங்கினாள். திரும்பிக் கை நீட்டுவதற்குள் வண்டி நகர்ந்தது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. படியில் நின்றிருந்த குழந்தைக்குக் கேட்டது. அம்மா கூப்பிடுகிறாளே என்று ஓடும் வண்டியிலிருந்து காலை எடுத்து வைத்தாள்.

அதை அவள் இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மகன் கதவைத் திறந்து, முடிந்ததா என்று எட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் பொறுடா" என்றார் நடுவர். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் கருவியைப் பின்னால் ஓட்டி மறுபடி அழுத்தினாள்.

இந்தத் தடவையும் குழந்தை பத்திரமாக இறங்கினாள்.