ஃபியூஸைக் கழட்டியது யார்?

கிளப் பந்தயம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. மற்ற கார்களெல்லாம் உறுமிக்கொண்டிருக்க, அவர் ஓட்ட வேண்டிய கார் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் காணோம் அண்ணே. யாரோ கழட்டியிருக்காங்க,” என்றான் மெக்கானிக்.

அவர், அருகில் நின்ற தன் மனைவியின் பக்கம் திரும்பினார். “உன் வேலைதானே? ஓட்டாதீங்க, ஓட்டாதீங்கன்னு நேத்துலேர்ந்து உயிரை வாங்கினே. இப்ப எல்லார் முன்னாடியும் மானத்தைக் கப்பலேத்திட்டியே!”

மெக்கானிக் வேறு ஃபியூஸ் தேடி ஓடினான்.

அவன் தலை மறைந்ததும் அவள் உள்ளங்கையை விரித்தாள். அதில் அந்த ஃபியூஸ் இருந்தது.

“நேத்து நீங்க கழட்டிப் போட்ட சட்டைப் பையில இருந்துச்சு.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை.

“போன தடவை வளைவுல வண்டி சுத்தி நின்னதுலேர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிச்சாலே கை நடுங்குதுடி. பயமா இருக்குன்னு இவங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

“அண்ணே, கிடைச்சிருச்சு!” மெக்கானிக் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

அவள் குறுக்கே போய் நின்றாள். “வேண்டாம் தம்பி. நான்தான் கழட்டினேன். நீ மாட்டினா மறுபடியும் கழட்டுவேன்.”

அவர் ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு மைதானத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

“பாத்தியாடா, நான் அப்பவே சொன்னேன்ல!”