முள் வாங்கிய மச்சான்கள்

முள்ளம்பன்றிகளின் காட்டில் கறாரான சட்டம் ஒன்று இருந்தது. சண்டை போடுகிறவர்களுக்கு யாரும் முள் விற்கக் கூடாது. அதனால் முள்கட்டு கைமாறும் முன், வாங்குகிறவர்கள் சண்டையில் இருக்கிறார்களா என்று அதிகாரி கொக்கு நேரில் போய்ப் பார்க்கும்.

அன்று செம்முகக் குரங்குகளும் கருமுகக் குரங்குகளும் ஒரு நாவல் மரத்துக்காக முள்ளால் குத்திக்கொண்டிருந்தன.

"கொக்கு வருது!"

உடனே எல்லா முள்ளும் முதுகுக்குப் பின்னால் போயின. தோள்களில் கைகள் விழுந்தன. ஒரு கருமுகம் பக்கத்துச் செம்முகத்துக்குப் பேன்கூடப் பார்த்தது.

"இங்கே சண்டை உண்டா?" என்றது கொக்கு.

"சண்டையா? என் மச்சானோடயா?" செம்முகம் கருமுகத்தின் கன்னத்தில் முத்தமிட்டது.

"அப்புறம் முள் எதற்கு?"

"பல் குத்தத்தான், ஐயா."

"பாசக்காரக் குடும்பம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட, கொக்கோடு முள் விற்க வந்திருந்த முள்ளம்பன்றி, முதுகிலிருந்து புதுக் கட்டுகளை இறக்கியது.

அப்போது நாவல் மரப் பொந்திலிருந்து தாய் அணில் ஒன்று இறங்கி ஓடிவந்தது.

"ஐயா, என் குட்டிங்க இப்பதான் கண்ண மூடுதுங்க. நீங்க நிக்கிற வரைக்கும் யாரும் குத்திக்க மாட்டாங்க. பொழுது சாயற வரைக்கும் சோதனை பண்ணுங்களேன்."

"சண்டையே இல்லாத இடத்தில் எனக்கு என்னம்மா வேலை?" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்தது.

அது கண்ணுக்கு மறையும்வரை குரங்குகள் ஒன்றாகக் கையசைத்தன. அதற்குள் அணில் மரமேறி, பொந்தின் வாயைத் தன் வாலால் அடைத்துக்கொண்டது.