வெட்டி எடுத்த மௌனம்

ஒலிப்பதிவுக் கூடத்துக் கணினித் திரையில் அக்காவின் குரல் பச்சை அலைகளாக ஓடுகிறது. பிரார்த்தனைப் பாட்டின் நடுவில் அலை அடங்கி, வெறும் கோடாக நீள்கிறது. பாட்டைத் தொகுக்க உட்கார்ந்திருக்கும் தங்கை ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். "என்னம்மா, உங்க அக்கா நடுவுல தூங்கிட்டாங்களா?" என்கிறார் பின்னால் நிற்கும் முதலாளி. "இல்ல சார், கண்ணை மூடி நின்னுட்டா." "கேக்கறவங்க பாட்டு முடிஞ்சுதுன்னு எழுந்து போயிடுவாங்க. வெட்டிடு." இதைப் பாடிய மறு வாரமே அக்கா மலைமேல் இருக்கும் மௌன இல்லத்தில் சேர்ந்துவிட்டாள். பார்க்கப் போனால் சிரிப்பாள், அவ்வளவுதான், பேச்சே கிடையாது. தங்கை வெட்டுகிறாள். முன்னும் பின்னும் இருந்த இரண்டு வரிகளும் தழும்பில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. "இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு!" என்று முதலாளி டீ குடிக்கக் கிளம்புகிறார். சாய்ந்த வெயில் மேசைமேல் வந்து படுக்கிறது. வெட்டிய துண்டை அவள் தனியாக ஓடவிடுகிறாள். வளையல் ஒன்று லேசாக உரசுகிறது. ஒரு மூச்சு உள்ளே போகிறது; வெளியே வருவதாக இல்லை. இந்த மௌனத்திலிருந்துதான் அக்கா மலைக்குப் போயிருக்க வேண்டும். தங்கையும் கண்ணை மூடிக்கொண்டு, அதே மூச்சை இழுத்து, பிடித்து வைத்துக்கொள்கிறாள். அக்காவின் மூச்சு இன்னும் உள்ளேயே இருக்க, இவளுடையது உடைந்துவிடுகிறது. துண்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிடுகிறாள்.