பதினோரு மணி ரம்பம்

பெருமாள்சாமி வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே மந்திரமூர்த்தி உதட்டைப் பிதுக்கினார்.

பழைய சாமான் வாங்கப் போகிறவர் முதலில் உதட்டைப் பிதுக்க வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொல்லியிருந்தார்.

ரம்ப மிஷின் நடுக்கொட்டகையில் நின்றது. கனமான இரும்பு மேஜை. அதன் நடுவில் ஒரு பிளவு. பிளவுக்குள்ளிருந்து பாதி எழும்பி நிற்கும் வட்ட ரம்பம். மேலே கரிசல் தூசி படிந்திருந்தது. துரு எங்கேயும் இல்லை.

“துரு ஏறிப்போச்சே,” என்றார் மந்திரமூர்த்தி.

“அது தூசி அண்ணாச்சி,” என்று பெருமாள்சாமி துண்டால் துடைத்துக் காட்டினார். அவருக்குக் கழுகுமலையை விட்டுப் போக மனமில்லை. ஆனால் இனி கோயம்புத்தூரில் மகனோடுதான் இருக்கப் போகிறார். மகன் வீடு நாலாவது மாடி. அங்கே கொண்டுபோய் இதை ஓட்டினால் மூன்று மாடிக்காரர்களும் சேர்ந்து மகனைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள்.

மந்திரமூர்த்தி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். போன வருஷம் மகன் பொறுப்பை வாங்கிக்கொண்டு, ‘நீங்க வீட்ல ஓய்வா இருங்கப்பா’ என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து வீடு ஆபீஸ் ஆயிற்று. வேலைக்கு ஒரே ஆள், மனைவி உமாதேவி.

குக்கர் எத்தனை விசில் அடிக்க வேண்டும், ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதெல்லாம் அவர் முடிவு. அவளுடைய போன் அடித்தால் அவர்தான் எடுத்தார். அவள் கோவிலுக்குப் போனால் கூடவே வந்து பிரகாரம் சுற்றினார்.

மிச்ச நேரத்தில் தச்சுவேலை கற்றார். ஏகப்பட்ட பை வைத்த ஏப்ரன் ஒன்று வாங்கினார். செருப்பு ஸ்டாண்டு ஒன்று செய்தார். அதில் வைத்த செருப்புகள் சாயங்காலத்துக்குள் தாமாகவே தரைக்கு இறங்கிவிடும்.

தப்பு கை ரம்பத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துத்தான் இன்று மிஷின் பார்க்க வந்திருக்கிறார். உமாதேவியையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வருவதில்லை.

“ஓட்டிப் பாத்துக்கிடுதேன்,” என்றார்.

பெருமாள்சாமி ஒரு வேப்பம்பலகையை எடுத்துக் கொடுத்தார். மந்திரமூர்த்தி கண்ணாடி மாட்டினார். காது இரண்டையும் மூடும் கவசம் மாட்டினார். சுவிட்சைப் போட்டார்.

ரம்பம் வீறிட்டது. முற்றத்துக் கோழிகள் தெருவுக்கு ஓடின.

உமாதேவியும் காதைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

“பயந்தாங்கொள்ளி,” என்று மந்திரமூர்த்தி சிரித்தார். அது அவருக்கே கேட்கவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் அறுப்பு முடிந்த சோளக்காடு வெடித்துக் கிடந்தது. உமாதேவி வரப்போரமாக நின்று இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். ‘கேஸ் புக்கிங்’ என்ற பெயரைத் தேடி அழுத்தினாள்.

“எம்மா,” என்றது கேஸ் புக்கிங்.

இந்துஜா, ஒரே மகள். கூடப் படித்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். சேதி வந்த அன்று மந்திரமூர்த்தி ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அதன்பிறகு அந்த வீட்டில் அவள் பெயர் இல்லை.

ஆனால் அவர் ஆபீஸ் போய்வந்த காலமெல்லாம் தாயும் மகளும் தினமும் பேசினார்கள். அவர் ஓய்வெடுக்க வந்தார், பேச்சு நின்றது. ஒருதரம் குளியலறைக்குள் நின்று கிசுகிசுத்துப் பார்த்தாள். குழாயை மூடச் சொல்லிக் கதவைத் தட்டினார்.

கடைசியாகப் பேசியபோது இந்துஜா மாசமாக இருந்தாள்.

“ஏட்டி, சத்தமாப் பேசு. இங்கன மிஷின் ஓடுது.”

“பொம்பளப் பிள்ளைம்மா. போன வாரம் பிறந்தா. ரெண்டு பேரும் நல்லாருக்கோம்.”

உமாதேவி வரப்பிலேயே உட்கார்ந்தாள்.

“யாரு மாதிரிட்டி இருக்கா?” பல மாதங்களுக்குப் பிறகு முழுக் குரலில் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அதையும் சத்தமாகவே அழுதாள்.

“மூக்கு ஒன்ன மாதிரி. எந்நேரமும் தூக்கம்மா. காலைல பதினோரு மணிக்குத்தான் கண்ண முழிச்சு கொஞ்ச நேரம் கெடப்பா. அப்பம் கூப்பிட்டா நீ அவ சத்தத்தைக் கேக்கலாம்.”

உள்ளே மந்திரமூர்த்தி இரண்டாவது பலகையை அறுத்தார். மூன்றாவதையும் அறுத்தார்.

சத்தம் நின்றபோது உமாதேவி போனைச் செருகிக்கொண்டு முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். மெதுவாகக் கொட்டகைக்குள் வந்தாள்.

மந்திரமூர்த்தி கவசத்தைக் கழற்றினார். அவர் அறுத்த மூன்று பலகையில் ஒன்றுகூட நேராக வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பத்தான் இருந்தார்.

“தலையே வெடிச்சிரும் போலருக்கு. இது நமக்கு வேண்டாங்க,” என்றாள் உமாதேவி.

அவள் வேண்டாம் என்ற கார்தான் வெளியே நின்றது. அவள் வேண்டாம் என்ற மனையில்தான் அவர்கள் வீடே நின்றது.

மந்திரமூர்த்தி நிமிர்ந்தார்.

“வண்டி சொல்லுங்க பெருமாள்சாமி. இன்னைக்கே ஏத்திருவோம்.”

“வாங்கணும்னா வாங்குங்க. பதினோரு மணிக்கு மட்டும் போட்டுராதீங்க. நான் செத்த கண்ணசருத நேரம்,” என்றாள் உமாதேவி.

மந்திரமூர்த்தி பெருமாள்சாமியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“தினமும் பதினோரு மணிக்குத்தான் ஓடும்.”

உமாதேவி முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள்.