கடைசி பாக்கெட் பிரெட்

“பாய், அத எடுக்காதீங்க. அது எனக்கு வேணும்.”

சகாயராணி ஓடி வருவதற்குள் அந்த ஆள் கடைசி பாக்கெட்டை எடுத்துத் தன் கூடையில் போட்டுவிட்டார்.

குளூட்டன் இல்லாத பிரெட். வெள்ளிக்கிழமைதோறும் கோயம்புத்தூரிலிருந்து இந்த டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு வரும். மூணே மூணு பாக்கெட்.

நாலாம் வகுப்பு படிக்கும் மகள் ரூபிக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து சகாயராணி நல்ல பிரெட் தேடித் திண்டுக்கல்லில் ஏறி இறங்காத கடை இல்லை.

ஒரு கம்பெனி பிரெட் செங்கல் மாதிரி இருந்தது. இன்னொன்று கையில் எடுத்ததுமே உதிர்ந்தது. மூன்றாவதில் ‘சிறுதானிய பிரெட்’ என்று முன்னால் பெரிதாகப் போட்டு, பின்னால் பொடி எழுத்தில் மைதா என்று போட்டிருந்தது. இது ஒன்றுதான் பஞ்சு மாதிரி இருந்தது. “அம்மா, நெசமான பிரெட் மாதிரியே இருக்கு!” என்று ரூபி குதித்தாள்.

எடுத்தவரை சகாயராணிக்கு அடையாளம் தெரிந்தது. பேகம்பூர் போகிற வழியில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் ரஃபீக். கடை வாசலில் நின்று அவர் மாவு வீசுவதை, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள்.

“இது கோதுமை இல்லாத பிரெட்டு, தெரியும்ல?”

“தெரியும்க்கா. அதுக்குத்தான் எடுத்தேன்.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஊருக்கெல்லாம் மைதாவப் பிசைஞ்சு போடுறீங்க. உங்க வீட்டுக்கு மட்டும் இதாக்கும்?”

பில் போட நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ரஃபீக்கின் முகம் சுருங்கியது.

“எங்க வீட்டுக்கு இல்லக்கா. வேற ஒரு புள்ளைக்கு...”

“எல்லாரும் சொல்றதுதான். உடம்பு எளைக்கணும்னு இத வாங்குறவங்க வேற எதையாச்சும் தின்னலாம். எம்மவளுக்கு வேற வழியில்ல பாய். இட்லி, தோசைன்னு தெனமும் அரிசியத் தின்னு அலுத்துப்போச்சு. வாரம் பூரா இந்த பிரெட்டுக்குத்தான் காத்துக் கெடக்குது.”

ரஃபீக் தன் கூடையைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டை எடுத்து அவள் கூடையில் வைத்தார்.

“கொண்டு போங்கக்கா. அந்தப் புள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

சகாயராணி நன்றி கூடச் சொல்லவில்லை. ஜெயித்த திருப்தியோடு பில் போட்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம். மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி முடிந்து ரூபி அப்பா கிளெமென்டோடு வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை என்றால் துள்ளிக்கொண்டு வருகிறவள் இன்று வாடிப்போய் வந்தாள்.

“என்னடி ஆச்சு?”

“பாய் மாமா கடையில இன்னிக்கு எனக்கு பிரெட் இல்லம்மா.”

“எந்த மாமா? எந்தக் கடை?”

பின்னால் நின்ற கிளெமென்ட் கண்ணைக் காட்டினான். ரூபி கவனிக்கவில்லை.

“பரோட்டாக் கடைம்மா. அப்பா சனிக்கிழமையானா அங்கதான சாப்புடுவாங்க!”

சகாயராணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். மைதா அந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. ‘புள்ளைக்காக நானும் விட்டுட்டேன்’ என்று சத்தியம் செய்தவன் அவன்.

“ரெண்டே ரெண்டு பரோட்டாதான்...” என்று கிளெமென்ட் முனகினான்.

“நான் சும்மா பாத்துக்கிட்டு நிப்பேன்ல, புள்ள ஏன் சாப்புடலன்னு மாமா ஒருநாள் கேட்டாங்க. அதுலருந்து எனக்குன்னு பிரெட் வாங்கி வைக்கிறாங்க. கடையில மாவு பறக்கும்னு என்னைய உள்ள விடமாட்டாங்கம்மா. மாடியில அவங்க வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஷாஹினா மாமி எனக்குன்னே புதுசா ஒரு தோசைக்கல்லு வாங்கி வச்சிருக்காங்க. அதுல சுட்டு, தனியா வச்ச சால்னா ஊத்திக் குடுப்பாங்க. எம்புட்டு நல்லாருக்கும் தெரியுமா!”

சகாயராணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னிக்கு ஏன் இல்லையாம்?”

“நேத்து கடையில ஒரு ஆன்ட்டி வந்தாங்களாம். அவங்க பாப்பாவும் என்னைய மாதிரியாம். பாவம்னு குடுத்துட்டேன், கோவிச்சுக்காத தாயின்னு மாமா சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். அந்தப் பாப்பாவுக்கும் ஆசையா இருக்கும்லம்மா?”

சண்டை போட்டதையோ, நாலு பேர் சிரித்ததையோ அவர் பிள்ளையிடம் சொல்லவில்லை.

சகாயராணி எழுந்து ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

கடை வாசலில் ரஃபீக் மாவு உருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் திகைத்தார். பிறகு அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ரூபியைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

“மன்னிச்சுக்கங்க பாய். அந்தப் புள்ள எம்புள்ளதான்னு தெரியாம...”



ரஃபீக் வாய்விட்டுச் சிரித்தார்.

“மன்னிப்பெல்லாம் எதுக்குக்கா? எந்த வழியாப் போனா என்ன, போக வேண்டிய வயித்துக்குத்தான போயிருக்கு!”